ஆர்பிஎம் பேக்கேஜ் கட்டுறேன்: இந்த டைரக்டரி யாரோடது?

ரெண்டு வாரமா ராத்திரி உக்காந்து நான் எழுதின குறிப்பு டூலுக்கு ஃபெடோரா லினக்ஸ்ல ஆர்பிஎம் (அங்க இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ், அத கையாளுற டூலுக்கும் அதே பேர்தான்) பண்ணிட்டிருக்கேன். மெயின் பேக்கேஜ் ஒன்னு, தீம்ஸுக்கு தனியா ஒன்னு, உதவிப் பக்கங்களுக்கு ஒன்னு. பில்ட் ஆச்சு, இன்ஸ்டால் ஆச்சு, டூலும் ஓடுது, சரி முடிஞ்சுதுன்னு நினைச்சு எல்லாத்தையும் எடுத்துட்டு பாத்தா /யூஎஸ்ஆர்/ஷேர் கீழ டூல் பேர்ல காலி ஃபோல்டர் மட்டும் அப்படியே நிக்குது.

ஆர்பிஎம் -கியூஎஃப் போட்டு அந்த ஃபோல்டர் யாரோடதுன்னு கேட்டேன். எந்த பேக்கேஜுக்கும் சொந்தம் இல்லன்னு வந்துச்சு. ஸ்பெக் ஃபைல, அதாவது பேக்கேஜ எப்படி கட்டணும்னு எழுதுற ஃபைல, திறந்து பாத்தப்பதான் புரிஞ்சுது, பேக்கேஜ்ல சேர்றதோட லிஸ்டான %ஃபைல்ஸ்ல பாத் கடைசில ஸ்டார் போட்டிருக்கேன். ஸ்டார்னா உள்ள இருக்குறது மட்டும்தான் லிஸ்ட்ல சேரும், டைரக்டரி சேராது. இன்ஸ்டால் பண்றப்ப ஃபைல வைக்க இடம் வேணுமேன்னு ஆர்பிஎம் டைரக்டரிய உண்டாக்கிடுது, ஆனா அத தன் டேட்டாபேஸ்ல யார் பேர்லயும் எழுதி வைக்கல, அதனால எடுக்குறப்ப அத தொடுறதுக்கு ஆளே இல்ல. காலி ஃபோல்டர்தானே, கிடந்தா என்னன்னு தோணலாம், ஆனா பழைய ஆர்பிஎம்ல இப்படி அனாதையா உருவான டைரக்டரிக்கு ரூட்டோட யூமாஸ்க் (புதுசா உண்டாகுறதுல எந்த அனுமதிய தடுக்கணும்ங்கிற செட்டிங்) வந்து ஒட்டிக்கும், அது 077ன்னா மத்த யூசர் யாரும் உள்ளயே போக முடியாது.

ஸ்டார எடுத்துட்டு டைரக்டரி பேர மட்டும் விட்டேன், அதுவும் அதுக்குள்ள இருக்குற அத்தனையும் பேக்கேஜோடது ஆயிடுச்சு. கடைசில ஒரு ஸ்லாஷ் வைக்கிறது படிக்கிறவங்களுக்கு இது டைரக்டரின்னு தெரியத்தான். உள்ள இருக்குறது வேணாம், டைரக்டரி மட்டும் போதும்னா முன்னாடி %டிர் போடணும்.

அடுத்த நாள் அதே ஜோர்ல /யூஎஸ்ஆர்/பின் வரியையும் ஸ்டார் இல்லாம எழுதிட்டேன். இன்ஸ்டால் பண்ணப் போனா, சிஸ்டத்தோட அடிப்படை டைரக்டரிகள வெச்சிருக்குற ஃபைல்சிஸ்டம் பேக்கேஜோட மோதுதுன்னு சொல்லி நின்னுடுச்சு. /யூஎஸ்ஆர்/பின் ஏற்கனவே ஃபைல்சிஸ்டம் பேக்கேஜுக்கு சொந்தம், அங்க அதோட மோட் (யார் படிக்கலாம், எழுதலாம்ங்கிற அனுமதி எண்) 0555, என் பில்ட்ரூட்ல, அதாவது பில்ட் பண்றப்ப ஃபைல்கள் வந்து சேர்ற தற்காலிக இடத்துல, உருவானது 0755. மோட் ஒத்துப் போயிருந்தா சத்தமே இல்லாம உள்ள போயிருக்கும், அத நினைச்சாதான் எனக்கு பக்குன்னு இருக்கு, ஒரு குறிப்பு டூல் /யூஎஸ்ஆர்/பின்ன தன்னோடதுன்னு சொல்லிக்கிறது எந்த நியாயத்துலயும் சேராது. இப்ப அந்த வரில பைனரி பேர முழுசா எழுதிட்டேன்.

தீம்ஸ் டைரக்டரிதான் யோசிக்க வெச்சுது. தீம்ஸ் பேக்கேஜுக்கு மெயின் கட்டாயம் வேணும், ரெக்வயர்ஸ்லயும் போட்டிருக்கேன், அதனால டைரக்டரிய மெயின் %டிர் போட்டு வெச்சுக்கிச்சு, தீம்ஸ்கிட்ட உள்ள இருக்குற ஃபைல் மட்டும். எடுக்குறப்பவும் தீம்ஸ் முதல்ல போகும், மெயின் பின்னாடி போகும், டைரக்டரி காலியாகி அதுவும் போயிடும். உதவிப் பக்கங்கள் கதை வேற, மெயின் இல்லாமலும் அத இன்ஸ்டால் பண்ணலாம், ஆனா வைக்கிறது மெயின் வைக்கிற அதே ஃபோல்டர்ல. இங்க ரெண்டு பேக்கேஜும் சொந்தம் கொண்டாடலாம், ஆர்பிஎம் ஒத்துக்கும், கடைசி சொந்தக்காரன் போறப்பதான் டைரக்டரி போகும். மோட், யூசர், குரூப் மூணும் ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும், அவ்ளோதான்.

ஐகான் வைக்கிற ஹைகலர் டைரக்டரிய நான் தொடவே இல்ல, அதுக்குன்னே ஹைகலர் ஐகான் தீம் பேக்கேஜ் இருக்கு, ரெக்வயர்ஸ்ல அத சேத்துட்டேன். டெபியன் பக்கம் இந்த தலைவலி கம்மி, டெப் ஃபைலுக்குள்ள டைரக்டரியும் என்ட்ரியா வந்துடும், காலியாகி வேற எந்த பேக்கேஜும் கேக்கலன்னா அங்க ஆர்பிஎம் வேலைய பாக்குற டிபிகேஜி எடுத்துடும்.

இப்ப ஒவ்வொரு பில்டுக்கும் அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டுறேன், இன்ஸ்டால் ஆன ஒவ்வொரு ஃபைலோட மேல் டைரக்டரியையும் -கியூஎஃப்ல கேட்டு, சொந்தம் இல்லாதத மட்டும் காட்டும். நேத்து முதல் தடவையா ஒன்னுமே காட்டல. பாக்கி இருக்குறது பழைய தீம்ஸ் டைரக்டரிய சிம்லிங்க்கா (வேற இடத்த காட்டுற இணைப்பு) மாத்துற வேலை. அப்கிரேட்ல ஆர்பிஎம் டைரக்டரி இருந்த இடத்துல சிம்லிங்க் வைக்காது, இன்ஸ்டால் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஓடுற %ப்ரீட்ரான்ஸ்ல லுவா ஸ்கிரிப்ட் எழுதி முன்னாடியே நகத்தி வைக்கணும், அத ஒரு விர்ச்சுவல் மெஷின்ல பாத்துட்டு அப்புறம்தான் நிஜ மெஷினுக்கு கொண்டு வருவேன்.