ஏ-2 தேடிய குளிர்காலம்

அக்டோபர் 19, 2024, சனி

ஜப்பானுக்கு வேலைக்கு வந்த பிறகு இரண்டு குளிர்காலங்களைப் பஞ்சு அடைத்த மேற்சட்டையோடு கழித்துவிட்டேன். மூன்றாவது குளிர்காலம் முடிவதற்குள், கல்லூரி நாட்களிலிருந்து மனத்தில் வைத்திருக்கும், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானிகள் அணிந்த ஏ-2 தோல் ஜாக்கெட்டை வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, மூன்று லட்சம் யென் சேர்த்து வைத்திருக்கிறேன். தேடல் எப்படிப் போகிறது என்பதை அவ்வப்போது இங்கே எழுதி வருவேன்.

இன்று தொடங்கிய இடம் தோக்கியோவின் உவேனோ. உவேனோ, ஒகாச்சிமாச்சி ஆகிய இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவே, தண்டவாளத்தை ஒட்டியே நீளும் அமேயோகோ கடைத்தெரு, போர் முடிந்த 1945-க்குப் பிறகு கறுப்புச் சந்தையாக உருவானது. 'அமே' என்பது மிட்டாயைக் குறிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள்; அமெரிக்கப் படைகள் கழித்துக்கட்டிய பொருள்கள் இங்கே விற்கப்பட்டதால் அது அமெரிக்காவைக் குறிப்பதாக வேறு சிலர் சொல்கிறார்கள். உலர்மீன் கடைகளுக்கும் காலணிக் கடைகளுக்கும் இடையில் இன்றும் ராணுவ உடைக் கடைகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது நகாத்தா ஷோத்தென்.

இந்தக் கடைகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'ஜித்சுபுத்சு'. படையினருக்கு உண்மையிலேயே வழங்கப்பட்ட பொருள் என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்துப் புதிதாகத் தைத்தது 'ரெப்புரிக்கா'. விலைச்சீட்டில் இவற்றில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும். இன்று ஐந்து கடைகளில் பார்த்த ஏ-2 எல்லாமே ரெப்புரிக்கா. அவற்றில் பெரும்பாலானவை ஆட்டுத்தோல். தைத்த முறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் தேடுவது குதிரைத்தோல்.

அக்டோபர் 27, ஞாயிறு

தோக்கியோவின் இன்னொரு பகுதியான கோயென்ஜியில் பழைய உடைக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு மாடிக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அல்லாமல் சாதாரணமாக ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த உண்மையான ஏ-2 ஒன்றை இன்று கையில் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டதும், அதை எடுத்து வந்து ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தார்.

காலருக்குக் கீழே கருநிறத் துணியில் நெய்த சீட்டு. டைப் ஏ-2, வரைபட எண் 30-1415, ரஃப் வேர் குளோதிங் கம்பெனி, மிடில்டவுன், பென்சில்வேனியா. ஒப்பந்த எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள் 27752, அதாவது 1942. அமெரிக்க ராணுவ விமானப்படை இந்த வகையை 1931-இல் ஏற்றுக்கொண்டது, 1943-இல் புதிதாக வாங்குவதை நிறுத்தியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் ஒரே வரைபடத்தை வைத்துத் தைத்தும், காலரின் முனை, பையின் மூடி, தோள்பட்டையின் அகலம் என ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பட்டறையின் கை தெரிகிறது. இந்த வேறுபாடுகளுக்காகத்தான் இங்கே ஆர்வலர்கள் ஜாக்கெட்டை ஏ-2 என்று சொல்வதோடு நிறுத்தாமல், ஒப்பந்த எண்ணையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

முதுகு முழுவதும் ஒரே துண்டுத் தோல். நடுவில் தையல் இல்லை. காலரின் இரு முனைகளையும் கீழே பிடித்துக்கொள்ள, வெளியே தெரியாதபடி டிச் பட்டன்கள். கழுத்தில் ஒரு கொக்கி. கையை நுழைத்துச் சூடேற்றிக்கொள்ளப் பக்கவாட்டுப் பை கிடையாது. ஜிப் டாலோன் நிறுவனத்தின் தயாரிப்பு, அதன் இழுப்பு ஓரங்களில் தேய்ந்து பித்தளை தெரிந்தது. உள்துணியில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, மை மங்கிய ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருந்தன. அது சலவைக் குறி: குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும். இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞன் துணி மாறிப்போகாமல் இருக்க இட்ட அடையாளம், அவன் யார், வீடு திரும்பினானா என்பது ஒன்றும் தெரியாமல், எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கோயென்ஜி மாடியில் என் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் விரலை வைக்க மனம் வரவில்லை.

போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார், நான் போடவில்லை. தோளருகே தோல் அட்டை போல இறுகியிருந்தது. பருத்தி நூல் இற்றுப்போயிருக்கும். கையை உயர்த்தினால் கைக்குழித் தையல் விட்டுவிடக்கூடும். காய்ந்துபோன குதிரைத்தோல் ஒரு முறை கிழிந்துவிட்டால் எண்ணெய் தடவி மீட்க முடியாது. விலை நான் சேர்த்ததற்கும் மேலே இருந்தது என்பது உண்மைதான். கையில் பணம் இருந்திருந்தாலும் அதை மழைநாளில் அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் உரிமை எனக்கு இருக்கிறதா என்ற கேள்வியோடுதான் படியிறங்கினேன்.

நவம்பர் 4, திங்கள்

விடுமுறை. வீட்டில் அளவு எடுத்தேன். அமெரிக்க எண்களான 38, 40 ஆகியவற்றை நம்பி வாங்கக் கூடாது. ஒரே எண்ணில் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு உண்டு. இங்கே பழைய உடைக் கடைகள் நான்கு அளவுகளைச் சென்டிமீட்டரில் எழுதி வைக்கின்றன: தோள் அகலம், அக்குளுக்கு அக்குள் உடல் அகலம், முதுகு நீளம், கை நீளம். நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தரையில் விரித்து இஞ்சு டேப் வைத்து அளந்து, நான்கு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டேன். உடல் அகலம் 54.

நவம்பர் 16, சனி

இன்று எழுத வேண்டியது வருத்தமான செய்தி. சென்ற வாரம் ஒரு கடையில், கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, 'ஜித்சுபுத்சு' என்று சீட்டு கட்டிய பி-10 ஒன்றை அவசரப்பட்டு வாங்கினேன். ஏ-2-வுக்குப் பின் 1943-இல் வந்த துணி ஜாக்கெட் அது. விலை குறைவாக இருந்ததால் ஆசை மிஞ்சிவிட்டது. வீட்டில் விளக்கை அணைத்துப் புறஊதாக் கைவிளக்கைப் பிடித்தபோது, கழுத்துச் சீட்டும் ஓரத்து நூலும் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தன. போர்க்காலப் பருத்தி நூல் அப்படி ஒளிராது. பிற்காலத்து வெண்மையூட்டிகளும் செயற்கை இழைகளுமே ஒளிரும். பிறகு துவைத்த சோப்பினாலும் சில வேளை ஒளி வரும் என்பதால் உள்துணி மடிப்பைப் பிரித்து, சோப்பு எளிதில் எட்டாத இடத்திலும் பார்த்தேன். அங்கேயும் அதே ஒளிதான்.

திருப்பிக் கொண்டுபோனேன். வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று பணிவாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். கைவிளக்கைக் கடைக்கே எடுத்துச் சென்று, பிடித்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்க வேண்டும். நேர்மையான கடைக்காரர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். ரெப்புரிக்காவை ரெப்புரிக்கா என்று சொல்லி விற்பதில் ஒரு குறையும் இல்லை. போலியாகப் பழமை ஏற்றிய சீட்டோ, அந்தச் சலவைக் குறியை இட்டவர்களின் பெயரையே திருடுவதாக எனக்குப் படுகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

அலுவலக வேலையாகக் கோபே வந்ததில் ஒரு நாள் மிச்சம் கிடைத்தது. பழைய ராணுவ உடைகளை மாதிரி பார்த்துப் புதிதாகத் தைக்கும் ரியல் மெக்காய்ஸ் இந்த ஊர் நிறுவனம்; அவர்களின் கடைக்குப் போனேன். பக்கத்திலிருக்கும் ஹிமேஜி, ஜப்பானின் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஷின்கி ஹிகாக்கு என்ற தோல் பதனிடும் நிறுவனத்தின் குதிரைத்தோலைப் பற்றி இத்துறையில் பேசாதவர்கள் இல்லை.

குதிரைத்தோலின் அழகு மாட்டுத்தோலைப் போலச் சீராக இருப்பதில் இல்லை. ஜன்னலோரம் பிடித்தால், ஓரிடம் கண்ணாடி போல வழுவழுப்பாகவும் அடுத்த விரல்கடையில் நரம்போடிய சுருக்கமாகவும் இருக்கிறது. மடித்தால் மெல்லிய கீற்றுகள் எழுந்து அப்படியே தங்கிவிடுகின்றன. இங்கே 'சாஷின்' என்று ஒரு சொல் கேட்டேன். நேர்ப்பொருள் தேநீர் நிற உள்ளடுக்கு. உள்ளே பழுப்பாகப் பதனிட்ட தோலின் மேற்பரப்பில் மட்டும் கருஞ்சாயம் ஏற்றுவார்கள். மணிக்கட்டிலும் பை ஓரத்திலும் மேல்நிறம் தேயத் தேய, பழுப்பு மெல்ல வெளிப்படும்.

பக்கத்துக் கம்பிகளில் அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட் இருந்தது: ஆட்டுத்தோல், காலரில் செம்மறி உரோமம், கை வீசுவதற்கு முதுகில் மடிப்பு. விமானப்படையின் நைலான் ஜாக்கெட்டான எம்ஏ-1-உம் இருந்தது. ஜெட் விமானங்கள் உயரப் பறக்கத் தொடங்கியபோது, நனைந்த தோல் மேலே போய் உறைந்துவிடும் என்பதால் படை நைலானுக்கு மாறியது. வீழ்ந்த விமானி புரட்டிப் போட்டுக்கொண்டால் தேடுபவர் கண்ணில் படட்டும் என்று பின்னாளில் உள்துணியை ஆரஞ்சு நிறமாக்கினார்கள். நல்ல ஜாக்கெட்டுகள்தான், ஆயினும் என் மனம் அசையவில்லை.

இங்கே புதிய ஏ-2-வின் விலை என் சேமிப்பை ஏறத்தாழ முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். போட்டுப் பார்த்து, நன்றி சொல்லி, திரும்பக் கொடுத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மீண்டும் உவேனோ. ஒரு கடையில் முதுகில் ஓவியம் தீட்டிய ரெப்புரிக்கா ஏ-2 தொங்கியது. ஒரு விமானம், அதன் கீழே வரிசையாகச் சின்னஞ்சிறு மஞ்சள் குண்டுகள். குண்டுவீச்சு விமானக் குழுவினர், பறந்துவிட்டு உயிரோடு திரும்பிய ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குண்டு தீட்டிக்கொள்வார்கள். வேலைப்பாடு அருமை, தூரிகை ஓடிய திசைகூடத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தைந்து. விற்பனைப் பெண், "எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்" என்றார்.

அங்கிருந்து ரயிலேறி ரியோகொக்குவில் இறங்கி, யோகோஅமிச்சோ பூங்காவுக்குப் போனேன். 1923 நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் சாம்பலோடு, 1945 மார்ச் 10 விடியலுக்குள் தீக்குண்டுகளில் எரிந்து இறந்தவர்களின் சாம்பலும் அங்குள்ள நினைவு மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அன்றிரவு வந்தவை ஏறத்தாழ 300 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள். இறந்தவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில். உவேனோவை ஒட்டிய பகுதிகளும் சுமிதா ஆற்றங்கரையும் அந்த நெருப்பின் எல்லைக்குள் இருந்தவை. நான் ஜாக்கெட் தேடி நடக்கும் இந்தத் தெருக்களில் இதை நினைக்காமல் நடக்க முடியாது; நினைத்த பிறகும் எனக்கு அந்த ஜாக்கெட் பிடிக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. குண்டுகள் தீட்டிய முதுகை நான் போட மாட்டேன் என்பது மட்டும் மண்டபத்து வாசலிலேயே உறுதியாகிவிட்டது.

டிசம்பர் 21, சனி

வாங்கிவிட்டேன். கோயென்ஜியில், அந்தப் பெரியவரின் கடையிலேயே. பஸ் ரிக்சன்ஸ் செய்த ஏ-2, ரஃப் வேர் தைத்த பாணி, குதிரைத்தோல், முன்பு ஒருவர் சிறிது காலம் போட்டது. தோக்கியோவின் தோயோ என்டர்பிரைஸ் 1993-இல் தொடங்கிய பெயர் அது. துணி, நூல், ஜிப் என்று ஒவ்வொன்றையும் பழைய மாதிரியைப் பார்த்து மறுபடி உருவாக்குவதே அவர்களின் வேலை. உடல் அகலம் 54.5. விலை 98,000 யென்.

பெரியவர் உள்ளேயிருந்து அந்த 1942 ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, இரண்டையும் அருகருகே விரித்தார். "இது தைத்து முடித்த அன்று எப்படி இருந்ததோ, அதை நீங்கள் வாங்கியதில்தான் பார்க்கிறீர்கள்" என்றார். பழையதன் காலர் சுருங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. புதியதன் காலர் விறைப்பாக நின்றது. தையல் ஓடிய வளைவு இரண்டிலும் ஒன்றே. பழையதை விற்க அவருக்கு அவசரமில்லையாம். போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கொடுப்பதில்லையாம்.

ஜனவரி 11, 2025, சனி

மூன்று வாரங்களாகத் தினமும் போடுகிறேன். காலையில் ஏழு டிகிரி வரை உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போதும். அதற்குக் கீழே போனால் கழுத்தில் குளிர் இறங்குகிறது, கொக்கியை மாட்டினால் நிற்கிறது. பக்கவாட்டுப் பை இல்லாததால் ரயில் நடைமேடையில் கைகளை எங்கே வைப்பது என்று இன்னும் பழகவில்லை. இடது முழங்கையின் உட்புறத்தில் இரண்டு கீற்றுகள் விழுந்துவிட்டன, ஒன்று ஆழமாக, ஒன்று மெல்லியதாக. வலது கையில் இன்னும் ஒன்றும் இல்லை.