பழைய 2ஜிஎம்20 இஞ்சின் பாய்மரப் படகுக்கு ஆகுமா? பினாங்குத் தீவின் பத்து உபானில் சோதித்துப் பார்த்த குறிப்புகள்

இஞ்சின்: யன்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர், 636 சிசி. உச்சத்தில் 3600 ஆர்பிஎம், 18 எச்பி. நாள் முழுக்க ஓட்டுவதென்றால் 3400இல் 16 எச்பி. கடல் தண்ணீரே நேராக உள்ளே பாய்ந்து குளிர்விக்கும் வகை. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே நன்னீர்ச் சுற்று உண்டு, இதில் இல்லை. கியர்பாக்ஸ் கேஎம்2பி.

படகு: 30 அடி ஃபைபர் பாய்மரப் படகு, நீர்க்கோட்டில் 24 அடி, சாமானெல்லாம் ஏற்றினால் நாலரை டன். மணி மீட்டர் 1,140 காட்டுகிறது. "ரொம்ப ஓடலண்ணே, ஆயிரத்துச் சொச்சம்தான்" என்று விற்பவர் சொல்வார். பேனல் மாற்றினால் மீட்டரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டதோடு சரி. இந்த அளவு டீசல்களில் பிஸ்டன் தேய்ந்து ஓய்ந்ததை விட உப்பு தின்று ஓய்ந்ததுதான் அதிகம். ஆகவே சோதனையில் பாதி நேரம் தண்ணீர் போகும் பாதைக்கே போனது.

சக்தி போதுமா

நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் படகு தள்ளிக்கொண்டு போகக்கூடிய உச்ச வேகம் வரும். 24 அடிக்கு ஏறக்குறைய 6.5 நாட், அதாவது மணிக்கு 6.5 கடல் மைல். அதற்கு மேல் எத்தனை எச்பி கொடுத்தாலும் பின்னால் அலைதான் பெருக்கும். அமைதியான தண்ணீரில் டன்னுக்கு 2 எச்பி போதும். எதிர்க்காற்று, எதிர் நீரோட்டம் என்றால் 4 வேண்டும். நாலரை டன்னுக்கு 18 எச்பி சரியாக 4 கணக்கில் நிற்கிறது.

மலாக்கா நீரிணையில் இந்த 4ஐக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே காற்று பாதி நாள் செத்துக் கிடக்கும், இஞ்சின்தான் வேலை செய்யும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன் 'சுமத்ரா' புயற்காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால், நங்கூரம் இழுபடும் நேரத்தில் மிச்ச சக்தி கையில் இருக்க வேண்டும். பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டமும் பலமாக இழுக்கும்.

டீசல் கணக்கு: ஒரு எச்பியை ஒரு மணி நேரம் எடுக்க ஏறக்குறைய 0.2 லிட்டர் டீசல். 5 நாட்டில் போக மணிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் என்று வைத்தால், சுமார் 60 கடல் மைல் தள்ளியுள்ள லங்காவிக்கு 12 மணி நேரம், 24 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கையிருப்பும் சேர்த்தால் 40 லிட்டர் தொட்டி போதும்.

முதல் நாள்: குளிர்ந்த இஞ்சின்

போனவுடன் பிளாக்கில் கை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்திருந்தால் அன்றைக்குத் திரும்பியிருப்போம். முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைத்த இஞ்சின் எதையும் காட்டிக்கொடுக்காது.

டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு. கறுப்பாக இருப்பது டீசலுக்கு இயல்பு. பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால், டீசலை அனுப்பும் ஃபீட் பம்ப்பின் உள் ரப்பர் கிழிந்து எண்ணெய்க்குள் டீசல் இறங்குகிறது. இதில் இரண்டும் இல்லை. வாட்டர் பம்ப் அடியில் வெள்ளை உப்புத் தடம் ஒன்று, சீல் கசிகிறது. பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள். புல்லி நேராக இல்லை, அல்லது பெல்ட் தாங்கும் அளவுக்கு மேல் ஆல்டர்னேட்டர் இழுக்கிறது. இரண்டும் சின்ன வேலை. பம்ப் மட்டும் கை நுழையாத இடத்தில் கீழே கிடப்பதால், அதன் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்றுவதற்கே பம்ப்பைக் கழற்றுவது சுலபம்.

சாவியைத் திருப்பினால், இஞ்சின் ஓடாத நிலையில் எண்ணெய் அழுத்த பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தவில்லை. விளக்கும் எரியவில்லை. வயர் முனையில் பச்சை பூத்திருந்தது. தேய்த்து மாட்டியதும் கத்தியது. இதைச் சாதாரணமாக விடக் கூடாது: இந்த இஞ்சினில் அழுத்தம் காட்டும் முள் கிடையாது, அந்த பஸ்ஸர் ஒன்றுதான். அதுவும் அழுத்தம் ரொம்பக் கீழே போன பிறகுதான் கத்தும்.

ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ ப்ளக் இதற்கு இல்லை. 30 டிகிரி வெயில் ஊரில் அது தேவையும் இல்லை. நல்ல கம்ப்ரெஷன் இருந்தால் இரண்டு மூன்று விநாடியில் பற்றிக்கொள்ளும். நம்முடையது மூன்றில் பற்றியது. வெள்ளைப் புகை ஒரு நிமிடம் வந்து நின்றது. அந்த வெள்ளை, நீராவியா எரியாத டீசலா என்று தெரிய, படகின் பின்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும்: டீசல் என்றால் வானவில் படலம் மிதக்கும், நீராவி காற்றில் கரைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பற்றாத இஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றிக்கொண்டே இருந்தால், பம்ப் தண்ணீரை எக்ஸாஸ்ட் பெட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் அது திரும்பி சிலிண்டருக்குள் ஏறும். பழைய இஞ்சினைச் சோதிக்கும்போது பத்து விநாடிக்குள் பற்றவில்லை என்றால் கடல் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், பற்றியவுடன் திறங்கள். நல்ல இஞ்சின்கள் இப்படித்தான் விற்பனை நாளன்று வளைந்த கனெக்டிங் ராடோடு முடிகின்றன.

இரண்டாம் நாள்: தண்ணீர் போகும் பாதை

எக்ஸாஸ்ட் வாயில் பக்கெட் பிடித்து, 2000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடத்துக்கு வரும் தண்ணீரைக் குறித்தோம். இந்த அளவு தனியாக எதையும் சொல்லாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடத்தான்.

அடுத்து எக்ஸாஸ்ட் எல்போ. சூடான புகையும் கடல் தண்ணீரும் முதன்முதலில் சந்திக்கும் இடம். ஈரமான கரி ஒட்டும், அதன்மேல் உப்பு, அதன்மேல் மறுபடி கரி. போல்ட்டுகளில் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தோம். இறுகிய போல்ட்டை ஒரே இழுப்பில் திருப்பினால் முறியும். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி எடுக்க வேண்டும். கழற்றி டார்ச் அடித்தால், உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி. மீதியெல்லாம் கல் போன்ற கரி. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் செதில் செதிலாக விழுந்தது. தண்ணீர் சேரும் துவாரத்துக்குப் பக்கத்தில் தட்டியபோது மட்டும் சத்தம் மாறியது. அந்த இடத்தில் வார்ப்பிரும்பு காகிதமாகிவிட்டது. சுத்தம் செய்து மாட்ட ஆசைதான், ஆனால் அங்கே ஓட்டை விழுந்தால் கடல் தண்ணீர் நேரே எக்ஸாஸ்ட் வால்வுக்குப் போகும். புதிதுதான். 316 ஸ்டெயின்லெஸில் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்வதாக இருந்தால், தண்ணீர் சேரும் புள்ளி பழையதை விட இஞ்சினுக்குக் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் படகில் இஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருந்தால், நின்ற இஞ்சினுக்குள் கடல் தண்ணீர் தானாக இறங்காமலிருக்க, தண்ணீர்க் குழாய் மேலே ஏறி, காற்று வால்வோடு வளைந்து, பிறகுதான் எல்போவுக்கு இறங்க வேண்டும். வளைவு இருந்தது; அதன் உச்சியில் இருந்த வால்வு உப்பால் அடைத்திருந்தது. அடைத்த வால்வு இருப்பதும் இல்லாததும் ஒன்று.

ஜிங்க் ப்ளக்குகள், அதாவது இரும்புக்குப் பதில் தாம் கரையும் துத்தநாகத் துண்டுகள். பிளாக்கிலும் அதன் மேல் மூடியான ஹெட்டிலும் இருக்கும். ஒன்றின் மேல் இரண்டு அடுக்கு பெயின்ட், ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றியபோது ஜிங்க் இல்லை, வெறும் பித்தளைத் தலை மட்டும். இது நல்ல செய்தியல்ல. ஜிங்க் தீர்ந்த பிறகு உப்பு இரும்பைத்தான் தின்னும். ஓட்டை வழியாக மெல்லிய கம்பி விட்டுச் சுரண்டினோம்: வந்தது கடினமான சிவப்புத் துரு, பூப்போல உதிரும் கறுப்புப் பொடி இல்லை. கறுப்புப் பொடி என்றால் இரும்பிலிருந்து சத்து போய்விட்டது, கரிதான் மிச்சம். இங்கே உலோகம் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டையும் எடுத்துப் பார்த்தோம். கடல் நீர் வகையில் 42 டிகிரியில் திறப்பதுதான் இருக்க வேண்டும். நன்னீர் வகைக்கான 71 டிகிரி ஒன்றை யாராவது மாட்டியிருந்தால், ஜாக்கெட் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறை) முழுக்க உப்பு படிந்து இறுகிவிடும். இன்னும் சிலர் 'சூடாகுது' என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடுவார்கள். இஞ்சின் சூடேறாமலே ஓடிக் கரி பிடிக்கும். இதில் சரியானது இருந்தது. வெந்நீரில் போட்டபோது திறந்தது.

அமிலம் விட்டு ஜாக்கெட்டைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. வாங்கும் முன் வேண்டாம். சில ஹெட்டுகளில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த உப்புதான்.

மூன்றாம் நாள்: கம்ப்ரெஷன்

இன்ஜெக்டர்கள் இரண்டையும் கழற்றி, துவாரங்களுக்கு மேல் வெள்ளைக் காகிதம் பிடித்து இஞ்சினைச் சுற்றினோம். துருத் தண்ணீர் தெறித்தால் ஹெட் காஸ்கெட் அல்லது ஹெட். காகிதத்தில் எண்ணெய்ப் புள்ளிகள் மட்டும். நல்லது.

கேஜ் மாட்டிச் சுற்றியதில் ஒன்றில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ, மற்றதில் 27. புதிய இஞ்சினுக்கு 30. முக்கியம், இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லாதது. ஒன்று 28, மற்றது 20 என்றால் வால்வோ ரிங்கோ காஸ்கெட்டோ என்று தேட வேண்டும். பேட்டரி சார்ஜ் செய்வதற்காக ஐடிலில் மணிக்கணக்கில் ஓட்டிய இஞ்சின்களில் சிலிண்டர் சுவர் கண்ணாடி போலாகி, இரண்டிலும் சேர்ந்து குறையும். அதைச் சில சமயம் நன்றாகச் சுமை கொடுத்து ஓட்டியே ஓரளவு மீட்கலாம். மாட்டும்போது இன்ஜெக்டர் வாஷர் புதிது போட வேண்டும், பழையது கசியும். வால்வு இடைவெளி, குளிர்ந்த நிலையில் 0.2 மில்லிமீட்டர், ஒன்று மட்டும் இறுகியிருந்தது, சரி செய்தாயிற்று.

டீசல்

தொட்டி அடியிலிருந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கி ராத்திரி வைத்தோம். காலையில் கீழே அரை விரல்கடைத் தண்ணீர், அதற்கும் டீசலுக்கும் நடுவே கறுப்புச் சளி. பாம் எண்ணெய் கலந்த டீசல் ஈரத்தை இழுக்கும். பழைய தொட்டியின் கசடையும் கிளப்பிவிடும், பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். ஆகவே தொட்டியைத் திறந்து துடைத்தாயிற்று, குழாய் எல்லாம் புதிது, தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றும் முன்னால்.

நான்காம் நாள்: சுமை

ஜெரெஜாக் தீவைத் தாண்டித் திறந்த தண்ணீருக்குக் கொண்டுபோய் முழு த்ராட்டில். 2850க்கு மேல் ஏறவில்லை, கறுப்புப் புகை. நியூட்ரலில் 3600ஐத் தாண்டியது. நியூட்ரலில் ஏறி கியரில் ஏறாவிட்டால் முதல் சந்தேகம் இஞ்சின் மேல் இல்லை. ப்ரொப்பெல்லர், படகின் அடிப்பக்கம், எல்போ மேல்தான். நியூட்ரலிலேயே ஏறவில்லை என்றால் டீசல் வரத்து, த்ராட்டில் கேபிள், எல்போ.

(மீட்டரை நம்பும் முன் புல்லியில் பளபளப்பு டேப் ஒட்டி, ஒளி அடித்து அளக்கும் டேக்கோமீட்டரால் சரிபார்க்கவும். பேனல் 120 குறைத்துக் காட்டியது. மேலே உள்ளவை திருத்திய எண்கள்.)

இறங்கிப் பார்த்ததில் ப்ரொப்பெல்லர் முழுக்க கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி). சுரண்டியதும் 3200. புதிய எல்போ மாட்டியதும் 3450, புகை மெல்லிய சாம்பல். இன்னும் 150 வர வேண்டும். ப்ரொப்பெல்லர் பிட்ச்சை (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைத்தால் கிடைத்துவிடும் அளவுதான். வரிசை முக்கியம்: பிட்ச்சை முதலில் மாற்றியிருந்தால், கொட்டலசுக்குத் தக்கபடி ப்ரொப்பெல்லர் வெட்டியவர்களாகியிருப்போம்.

கியர்பாக்ஸ் சூடேறிய பிறகு முழுச் சுமையில் வழுக்குகிறதா என்று பார்த்தோம். கோன் கிளட்ச் பிடிக்கிறது. இஞ்சினைத் தாங்கும் மவுண்ட் நான்கில் ஒன்றின் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பியிருக்கிறது. நான்கையும் மாற்றிவிட்டு, படகு தண்ணீரில் ஒரு நாள் கிடந்த பிறகு கியர்பாக்ஸும் ப்ரொப்பெல்லர் தண்டும் சேரும் கப்ளிங்கின் முகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். மேல், கீழ், இடம், வலம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது.

இப்போதைய நிலை

கரையோரப் பயணத்துக்கு ஆகும். ஆனால் ஹெட்டின் உள்பக்கம் தெரியாத வரை இதை ஆரோக்கியமான இஞ்சின் என்ற விலைக்கு வாங்கக் கூடாது. ஃபில்டர், இம்பெல்லர், காஸ்கெட் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. ஹெட்டில் விரிசல் விட்டால் மட்டும் கணக்கு மாறும். அப்போது இந்தப் பிளாக்கில் பணம் போடுவதை விட, குபோட்டா பிளாக்கை வைத்துச் செய்த கடல் இஞ்சினுக்குப் போவது புத்திசாலித்தனம். கெடா நெல்வயல் எந்திரங்களால் குபோட்டா தெரிந்த மெக்கானிக் வட மலேசியாவில் எளிதில் கிடைப்பார்.

மிச்சம் இருப்பது ஒரே சோதனை: 2800இல் நான்கு மணி நேரம் நிற்காமல் ஓட்டி, அரை மணிக்கொரு தடவை தெர்மோஸ்டாட் மூடியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளப்பது. இதுவரை ஓடிய முதல் ஒரு மணி நேரத்தில் 49, 51, 51 டிகிரி. சுற்றியுள்ள கடலே 30 டிகிரி. 51இலேயே நின்றால் சரி. மூன்றாம் மணியில் 60ஐத் தொட்டால், ஹெட்டைக் கழற்ற வேண்டும்.