மலைமேல் எம்பெடட் பயிற்சி: செத்த ரூட்டர்களைத் தேடுங்கள்

எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த போர்டு வாங்கலாம்?" என்பதுதான். என் இறுதியாண்டு புராஜெக்டுக்கும், பிறகு நேர்முகத் தேர்வுகளுக்கும் பெரிதும் உதவியவை காசு கொடுத்து வாங்காத, பழுதான ரூட்டர்களுக்குள் இருந்த போர்டுகள். புதிதாக வாங்கியதில் பூட்லோடரை (போர்டு இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலை) அழித்துப் பார்க்க யாருக்கும் கை வராது. அழித்துப் பார்க்காமல் பூட்லோடர் புரியவும் புரியாது.

ஐப்பசி மழைக் காலத்தில் இங்கே இடியும் மின்வெட்டும் சேர்ந்து ரூட்டர்களைச் சாகடிக்கும். பலவற்றில் அடாப்டர்தான் போயிருக்கும்; லேபிளில் உள்ள வோல்ட்டையும் பிளஸ் முனையையும் பார்த்து வேறொன்றைச் செருகினால் உயிர் வந்துவிடும். சிலவற்றில் இடி ஒரு லேன் போர்ட்டைத் தின்றிருக்கும், புராசஸர் நன்றாகவே இருக்கும். தங்கும் விடுதிகள், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகள், காயலான் கடை ஆகிய மூன்றிலும் கேளுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தெரிந்தவர் இருந்தால் ஒதுக்கிப் போட்ட எலெக்ட்ரானிக் தராசையும் விசாரியுங்கள். உள்ளே எடையை உணரும் லோடு செல்லை, அதைப் படித்து எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சிப்புடன் இணைத்தால் அதுவே ஒரு புராஜெக்ட்.

கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு தேடுங்கள்: ஒன்றைச் சிதைக்கலாம், மற்றொன்று ஒப்பிட்டுப் பார்க்க. லேபிளில் ஹார்டுவேர் வெர்ஷன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் வெர்ஷன் மாறினால் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் ரூட்டர்களுக்கான இலவச லினக்ஸை ஏற்றும் எண்ணமிருந்தால் 8 எம்பி ஃபிளாஷ் (மென்பொருளைச் சேமிக்கும் நினைவகம்), 64 எம்பி ரேமாவது வேண்டும். 4 எம்பி, 32 எம்பி கொண்டவற்றுக்கு 19.07 பதிப்போடு ஆதரவு நின்றுவிட்டது.

மூடியைத் திறந்தால் பெரும்பாலும் நான்கு துளைகள் வரிசையாகத் தெரியும். அதுதான் போர்டு கணினியோடு பேசும் சீரியல் முனை. மல்டிமீட்டரால் கிரவுண்டைக் கண்டுபிடித்து, அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் குறுக்காக இணையுங்கள். மின்சார முனையைத் தொடாதீர்கள். 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் மாற்றி போதும். பழைய கம்ப்யூட்டரின் ஆர்எஸ்-232 போர்ட்டை நேரடியாகச் செருகினால் போர்டு போய்விடும். சீரியல் வேகம் பெரும்பாலும் 115200 பாட். பல ரூட்டர்களில் பூட்லோடராக இருக்கும் யூ-பூட்டின் முதல் வரி திரையில் ஓடும்போது வரும் மகிழ்ச்சியை எந்தப் பாடப்புத்தகமும் தந்ததில்லை.

எதையும் எழுதும் முன் ஃபிளாஷை முழுவதுமாகப் பிரதி எடுங்கள். அத்தெரோஸ் சிப் உள்ள ரூட்டர்களில் ஃபிளாஷில் இருக்கும் வைஃபை அளவுதிருத்தத் (கேலிப்ரேஷன்) தகவல் அந்தந்தக் கருவிக்கே உரியது. அழிந்தால் இன்னொரு ரூட்டரிலிருந்து எடுத்து வைத்துச் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷ் சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமரில் கறுப்பு போர்டு வகை ஒன்று 3.3 வோல்ட் சிப்புக்கும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் தரும். அதை மாற்றியமைக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

குளிரில் கிடந்த போர்டைச் சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் மின்சாரம் கொடுக்காதீர்கள். அதன்மேல் நீர் படிந்திருக்கும். ஊட்டிக்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அவசரத்தில் மறக்கிறார்கள். இன்னொன்று: விடுதி ரூட்டரில் இணைய இணைப்பின் கடவுச்சொல் அப்படியே இருக்கும். கொடுத்தவர் முன்னிலையிலேயே அழித்துவிட்டால் அடுத்த முறையும் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார்.

கேபிள் டிவி செட்டாப் பாக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது ஆபரேட்டருடையது, பூட்லோடரும் பூட்டப்பட்டிருக்கும்.

போர்டு கிடைக்கும்வரை கணினிக்குள்ளேயே போர்டைப் போல நடிக்கும் கியூஎம்யூ மென்பொருளில் ஏஆர்எம் சிப்புக்கான லினக்ஸை ஏற்றிப் பழகலாம். ஆனால் தளர்ந்த கம்பியும் குறைந்த மின்னழுத்தமும் அதில் வராது. நேர்முகத் தேர்வில் என்னிடம் துருவிக் கேட்கப்பட்டவையோ இத்தகைய கோளாறுகள்தான்: போர்டு ஏன் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது, எங்கே முதலில் அளப்பாய் என்று.

கோவைக்கு இறங்கும் நாளில் காசை போர்டில் போடாமல் கருவிகளில் போடுங்கள். மல்டிமீட்டர், சீரியல் மாற்றி, ஃபிளாஷ் சிப்பைப் பிடிக்கும் எட்டுக்கால் கிளிப், கம்பிகளில் ஓடும் சைகைகளைப் பதிவுசெய்து காட்டும் எட்டு சானல் லாஜிக் அனலைசர் ஆகியவை போதும். அனலைசருக்கு சிக்ரோக் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். மிச்சமிருந்தால் ராஸ்ப்பெரி பை பிக்கோ என்னும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீழிருந்து கொண்டுவருவதில் அடாப்டரையும் மறக்க வேண்டாம்: 9 வோல்ட்டில் ஒன்று, 12 வோல்ட்டில் ஒன்று.