83 விநாடி
ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழ, கசக்கிக்கொண்டே இடது கண்ணால் பார்த்தேன். மரம் நடுவில் வளைந்திருந்தது. அதில் ஏறிய மிளகுக்கொடி அந்த இடத்தில் இல்லவே இல்லை. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் சரி. எத்தனை மாதமாக இப்படியோ, நல்ல கண் மறைத்திருக்கிறது.

புரை என்று நினைத்துதான் சேலத்துக்கு இறங்கினேன். கையில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். (சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள்.) விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்து, மொட்டு மொட்டாகப் புடைத்துக் கசிகிறது என்றார் டாக்டர். வயதானால் மாக்குலாவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில், வரும் நோயில் இது ஈர வகை. கண்ணுக்குள் ஊசி, கூடவே லேசர்.

"போன பார்வை திரும்பும்னு சொல்ல மாட்டேங்க ஐயா. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

ஒளிக்காமல் சொன்னதே தெம்பாக இருந்தது.

லேசர் அன்று முதலில் உயரமும் எடையும் பார்த்தார்கள்; மருந்தின் அளவு அதை வைத்துத்தான். வெர்டிபோர்ஃபின் என்ற கரும்பச்சை மருந்து, 10 நிமிடம் கை நரம்பில் ஏறியது. அது கெட்ட குழாய்களில் போய்த் தங்கும், சிவப்பு லேசர் பட்டதும் அவற்றை அடைக்கும். கண்ணை மரக்கவைத்து, மேலே லென்ஸை அழுத்திப் பிடித்து, 83 விநாடி. வலியில்லை, சூடுகூட இல்லை. ஒரே இடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருப்பதுதான் பாடு. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பெரிய கஷ்டம் அப்புறம்தான். மருந்து உடம்பில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், 5 நாள் வெளியே வரக்கூடாது. முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, இருட்டிய பிறகே 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறினோம். வீட்டில் மனைவி விளக்கையும் அணைத்துவிட்டாள். போனில் கேட்டால், "கும்மிருட்டு வேண்டாம், வீட்டு விளக்கு வெளிச்சம் பட்டால் மருந்து சீக்கிரம் தீரும். ஜன்னல் வெயிலும் ஹாலஜன் விளக்கும்தான் ஆகாது" என்றார்கள்.

மூன்றாம் மாதப் படத்தில் கசிவு நின்றிருந்தது. மரம் ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டது. கொடி மங்கல்தான், அந்தக் கண்ணால் பேப்பர் படிக்க முடியாது. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கிறேன். மனைவியையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது.