துண்டு வெட்டிய நாளும் கட்டில் காலியான நாளும்

சுகாதார நிர்வாகப் படிப்பில் தரவுப் பகுப்பாய்வுப் பாடத்துக்கு நான் எடுத்த வேலை, யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மருத்துவ விடுதியில் நோயாளிகள் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று பார்ப்பது. அனுமதிக் கடிதங்களுக்கே ஒன்றரை மாதம் போனது. பெயர், அடையாள அட்டை இலக்கம் எதையும் எடுக்கமாட்டேன் என்று நெறிமுறைக் குழுவுக்கு முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கேள்வி குறையும்.

பிறகு பதிவறையில் இருந்து பி.எச்.ரி (ஒவ்வொரு நோயாளிக்கும் விடுதியில் எழுதும் கட்டில் குறிப்பேடு) கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எக்செலில் ஏற்றினேன். முதல் கணக்கிலேயே சராசரி எங்கேயோ போய்விட்டது. தேடிப் பார்த்தால் திகதிதான் பிரச்சினை. நாங்கள் 05/11 என்று எழுதுவது நவம்பர் 5, அந்தக் கணினி அமெரிக்க முறையில் இருந்ததால் அதை மே 11 என்று எடுத்திருக்கிறது, 08/11 ஆகஸ்ட் 11 ஆகிவிட்டது, அப்போ 3 நாள் இருந்து போன மனிதர் 92 நாள் கிடந்ததாகக் காட்டுகிறது! 13ஆம் திகதியிலிருந்து வந்ததெல்லாம் வெறும் எழுத்தாக நின்று கணக்கிலேயே சேரவில்லை. தயவுசெய்து இதை முதல் நாளே பாருங்கள்.

அப்புறம் சராசரியோடு இடையத்தையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும், போடுங்கள். ஒன்பது பேர் 3 நாள், ஒருவர் 63 நாள் என்று வைத்தால் சராசரி 9, இடையம் 3. அந்த விடுதியில் யாருமே 9 நாள் இருக்கவில்லை.

எல்லாம் திருத்திய பிறகும் சிலருக்கு ஒரு நாள் கூடவே வந்தது. வைத்தியரின் குறிப்பில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று காலையிலேயே எழுதியிருக்கிறது, ஆள் போனது மறுநாள். சிஸ்ரரிடம் கேட்டேன்.

“வீட்டுக்குப் போற துண்டு பத்து மணிக்கே வெட்டியாச்சு தம்பி. ஐயா நெடுந்தீவு. வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போறதுக்குள்ள படகு போயிட்டுது எண்டால், இரவும் இஞ்சதான்.”

நள்ளிரவில் கட்டிலில் இருப்பவரை எண்ணுவதால் அவருக்கு இன்னொரு நாள் ஏறுகிறது. எக்செலில் ஊருக்கு ஒரு நிரல் சேர்த்து மறுபடி பிரித்துப் பார்த்தேன், கூடின நாட்களில் பெரும்பங்கு தீவக ஆட்களுடையது. இந்த ஒரு நிரலுக்காகத்தான் அந்தப் பாடத்தை எல்லாரும் படிக்க வேண்டும் என்கிறேன், நோய் குணமாகவில்லை என்று மேலே அறிக்கை போயிருந்தால் எவ்வளவு பிழை!

விடுதிக் கூட்டத்தில் இதைக் காட்டினேன். இப்போது தீவக நோயாளியின் பி.எச்.ரி மூலையில் சிஸ்ரர் பென்சிலால் ‘தீவு’ என்று எழுதி வைக்கிறார், துண்டு வெட்டுவதற்கு முதல் நாள் பின்னேரமே வீட்டுக்குக் கோல் போகிறது.