கன்னங்குறிச்சியில் ஒரு நாள்வாடகை வீடு

உறவினர் திருமணத்துக்காகச் சேலம் சென்றபோது, பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதிகளின் இரைச்சலைத் தவிர்க்க எண்ணி, கன்னங்குறிச்சியில் நாள்வாடகைக்குக் கிடைத்த ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால், அறைகளின் அளவைவிட லிஃப்ட் இருக்கிறதா என்பதையே முதலில் விசாரித்தேன்.

ஆதார் நகலைப் பெற்றுக்கொண்ட வீட்டுக்காரர் எங்களை நேராகச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த இரண்டு குழாய்களைக் காட்டினார்: ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர், மற்றதில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு எளிதில் வேகாது என்பதால், சமைத்து உண்ண விரும்புவோர் முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இணையத்தில் போடும் படங்களில் மெத்தை தெரியும், தண்ணீர் தெரியாது.

அதிகாலையில் மூக்கனேரிக் கரையில் நடந்தோம். ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரங்கள் நட்டிருப்பதால், ஊருக்கு இவ்வளவு அருகிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காட்டுக்கு ஏறும் சாலையும் தொலைவில் இல்லை. ஆனால் விடுமுறை நாள்களில் அங்கே வாகன நெரிசல் மிகுதி. மாலைப் பசிக்கு, தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் தட்டுவடை செட் போதுமாக இருந்தது. தெருக்கடைகள் சீக்கிரமே அடைத்துவிடுவதால், காலைக் காப்பிக்கான பாலை மட்டும் முன்னிரவிலேயே வாங்கி வைக்க வேண்டும்.