32 வினாக்களில் கடைசி இரண்டு

போன கிழமை மகளின் ஏ2 கீ ஃபோர் ஸ்கூல்ஸ் (பள்ளிப் பிள்ளைகளுக்கான கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சை) பெறுபேறு வந்தது. ரீடிங் 138, ரைட்டிங் 116, லிசனிங் 128, ஸ்பீக்கிங் 126. சராசரி 127, பாஸ். அம்மம்மா கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தார். எனக்குத்தான் அந்த 116 இன்னும் குத்துகிறது. 120க்குக் கீழே போனால் அது ஏ2 மட்டம் இல்லை, ஒரு படி கீழே, ஏ1. பிள்ளைக்கு எழுதத் தெரியாமல் போன புள்ளி அல்ல அது. பேப்பரை நான் பிழையாக விளங்கிக்கொண்டதால் போனது. திருகோணமலையிலிருந்து அடுத்த தடவை பிள்ளைகளை அனுப்ப இருப்பவர்கள் அதே பிழையைச் செய்யக் கூடாது.

ரீடிங்கும் ரைட்டிங்கும் ஒரே பேப்பர்: ஒரு மணித்தியாலம், 7 பகுதி, 32 வினா. எழுத்து இரண்டே வினாதானே என்று நினைத்து ஆறு மாதமும் ரீடிங்கையே செய்வித்தேன். முதல் 30 வினாவுக்கும் தலா ஒரு புள்ளி. ஈமெயிலுக்கு 15, படக்கதைக்கு 15. கடைசி இரண்டும் சேர்ந்தால் முன்னால் இருக்கும் முப்பதுக்கும் சமம். பேப்பர் ஒன்றாக இருந்தாலும் பெறுபேற்றில் ரீடிங் வேறு, ரைட்டிங் வேறு. இடையில் ஒரு ரியூஷன் வகுப்புக்கும் நான்கு மாதம் காசு கட்டினோம். டென்ஸ் அட்டவணை பாடமாக்கினார்களே தவிர, ஒரு ஈமெயில்கூட எழுத வைக்கவில்லை.

கொழும்பில் பரீட்சை முடிந்து திரும்பும்போது ஹபரணையில் தேத்தண்ணிக்கு பஸ் நின்றது. அங்கேதான் கேட்டேன், ஈமெயில் எப்படி என்று. அதில் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்.

"நல்லா எழுதினேன் அம்மா. கோட்டைக்குள்ள மான் நிக்கிறது, கடல், எல்லாம் எழுதினேன்."

"சரி, மற்ற ரெண்டு கேள்விக்கும்?"

அவள் கையிலிருந்த பணிஸை அப்படியே வைத்துவிட்டாள். கேட்டிருந்த மூன்றில் முதலாவதற்கு எட்டு வரி, இரண்டாவதற்கு ஒரு வரி. மூன்றாவதை எழுதவே இல்லை. "நிறைய எழுது, நிறைய எழுதினால்தான் மார்க்ஸ்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தது நான்தான். இந்த ஈமெயிலுக்கு 25 சொல் இருந்தால் போதும். கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா, ஒழுங்காக ஓடுகிறதா, மொழி எப்படி என்று மூன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி போடுகிறார்கள். மானுக்கு எட்டு வரி எழுதினாலும் விடுபட்ட கேள்வியின் இடம் காலிதான்.

இப்போது வீட்டில் செய்வது இது. வினாவை வாசித்ததும் ஓரத்தில் பென்சிலால் மூன்று புள்ளி வைப்பது, கேள்விக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுதி, எழுதியதும் அந்தப் புள்ளியை வெட்டுவது. மூன்றும் வெட்டுப்பட்ட பிறகுதான் மானைப் பற்றி இன்னொரு வரி. படக்கதைக்கும் (35 சொல்) இதே முறை: மூன்று படம், மூன்று புள்ளி. மூன்றாவது படத்தைத் தொடாமல் கதையை முடிக்கிற பிள்ளைகள் நிறைய.

மற்றப் பகுதிகள்:

- பகுதி 1: சின்ன அறிவித்தல்கள். தபால் கந்தோர், வங்கி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் மூன்று மொழிப் பலகை இருக்கும். ஆங்கில வரியை முதலில் வாசிக்கச் சொல்லி, "இது யாருக்கு, என்ன செய்யக் கூடாது?" என்று கேளுங்கள். காசு செலவில்லாத பயிற்சி.

- பகுதி 2, 3: வினாவில் இருக்கும் அதே சொல்லைத் தேடிப் பிடித்து விடை போடப் பார்ப்பார்கள். அந்தச் சொல் பிழையான விடைக்குப் பக்கத்திலும் இருக்கும்.

- பகுதி 4: இடைவெளிக்குத் தந்திருக்கும் சொற்களில் ஒன்றைத் தெரிவது. தொடர்ந்து வாசிக்கிற பிள்ளைக்குப் பயமில்லை.

- பகுதி 5: இடைவெளிக்குரிய சொல்லைப் பிள்ளையே எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் விழும் இடம். பெட்டியில், மேசையில், பஸ் நிலையத்தில் என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று மூன்று. 'ஏ', 'த' இரண்டும் தமிழில் இல்லவே இல்லை, அதனால் அந்த இடைவெளி அவர்கள் கண்ணில் படுவதில்லை. எழுத்துப் பிழை விட்டாலும் புள்ளி இல்லை, ஆகவே சொல்வதெழுதலை விடாதீர்கள்.

- நேரம்: எழுத்துக்குக் கடைசி 20 நிமிடமாவது வேண்டும். என் மகளைப் போல நீட்டி எழுதுகிற பிள்ளை என்றால் எழுத்தை முதலில் முடிக்கட்டும்.

- விடைத்தாளில் போடுவதும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான். லிசனிங்கில் தருவது போல் தனி நேரம் இல்லை.

- இரவு பஸ்ஸில் போய் விடியவே பரீட்சைக்கு உட்கார வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போங்கள்.

அடுத்தது பி1 பிரிலிமினரி. அங்கே ஈமெயில் ஏறத்தாழ 100 சொல், பதில் சொல்ல நான்கு குறிப்பு. நேற்றிரவு மாதிரி வினா ஒன்றை நீட்டினேன். அவள் பேனையை எடுக்கவில்லை. பென்சிலைத் தேடி எடுத்து, ஓரத்தில் நான்கு புள்ளி வைத்தாள்.